சேமிப்பும் பதுக்கலும்

நெல்லைச் சேர்த்து வைப்பவனை உலகம் இரு பெயர்களால் அழைக்கின்றது: ஒன்று காப்பவன்; மற்றொன்று பதுக்குபவன். இருவரும் விளைந்த தானியத்தை இன்று விற்காமல் நாளைக்கென்று பூட்டி வைப்பவர்களே. அங்ஙனமாயின் இவர்களைப் பிரிக்கும் கோடு எங்கே உள்ளது?

விளைச்சல் பருவத்திற்கு உரியது; பசியோ நாள்தோறும் வருவது. அதனாலேயே நம் முன்னோர் வீட்டில் குதிரும் பத்தாயமும், கோயிலில் களஞ்சியமும் அமைத்தனர். சேமித்தல் தன்னளவில் அறமே.

ஆனால், காத்திருக்கும் ஆற்றல் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. பினாங்குத் தீவுக்கு எதிரேயுள்ள செபராங் பிறையிலும், கெடாவின் மூடா வயல்களிலும் ஆண்டுக்கு இருமுறை நெல் விளைகின்றது. ஈரப்பதம் நூற்றுக்கு 14 பங்கு அளவிற்குக் குறைந்தாலன்றி நெல் கிடங்கில் நெடுநாள் தங்காது. உலர்த்த வழியற்ற உழவர் கிடைத்த விலைக்கு உடனே விற்றாக வேண்டும். முன்னாளில் 'பாடி குஞ்சா' முறையில், கடன்பட்டோர் கதிர் முற்றுமுன்னரே நெல்லைக் குறைந்த விலைக்கு ஒப்புக்கொடுத்தனர். 1971-இல் தோன்றிய தேசிய நெல், அரிசி வாரியம் உலர்த்தும் ஆலைகளை நடத்தி, உறுதி விலைக்கு நெல் வாங்கியது. 1990-களில் அப்பணி பெர்னாஸ் நிறுவனத்திடம் சென்றது.

விலை ஏறும்வரை காத்திருக்கும் வணிகனும் பஞ்ச நாளுக்கே காக்கின்றான் என்று வாதிடுவோர் உளர். அதில் ஓரளவு உண்மையுண்டு. ஆயினும், 1943-இல் வங்கத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டது அரிசியே இல்லாமையால் அன்று. அதனை வாங்கும் வலிமை அவர்க்கு இல்லாமையால் என்பதை அமர்த்தியா சென் 1981-இல் தம் நூலில் விளக்கினார். விலைக்கு மட்டுமே திறக்கும் கதவு வறியவர்க்குத் திறப்பதில்லை.

இது வணிகர்க்கு மட்டும் உரைக்கும் நீதியன்று. 2023 ஜூலையில் இந்தியா பாசுமதியல்லாத வெள்ளையரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. செப்டம்பரில் இங்கு பெர்னாஸின் இறக்குமதி அரிசி விலை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாயிற்று. கிலோ 2 வெள்ளி 60 காசு என வரையறுக்கப்பட்ட உள்நாட்டு அரிசி கடைகளில் அரிதாயிற்று. அந்நாளில் தேவைக்குமேல் ஒரு மூட்டையைச் சுமந்து வந்த இல்லறத்தான், தன்னைக் காப்பவன் என்றே எண்ணியிருப்பான். அவனுக்குப் பின்னே வரிசையில் நின்று வெறுங்கையுடன் திரும்பியவர் அவனை எப்பெயரால் அழைத்திருப்பார்?

கோடு மூட்டைகளின் எண்ணிக்கையில் இல்லை. நாம் பூட்டி வைப்பது யாருடைய நாளைக்காக, யாருடைய இன்றைப் பறித்து என்னும் வினாவில் உள்ளது. உழவர்க்கு உலர்களமும் நேர்விலையும், வறியவர்க்கு உரிய காலத்தில் திறக்கும் பொதுக் களஞ்சியமும் அமைத்தல் அரசின் கடன். தன் வீட்டுப் பானையின் அளவறிந்து வாங்குதல் நம் கடன்.