ஆறாம் வகுப்போடு அடைபட்ட கதவு

2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23ஆம் நாள் காலையில், ஆப்கானிஸ்தானத்தின் உயர்நிலைப்பள்ளி மாணவிகள் பல மாதங்களுக்குப் பிறகு புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் சென்றார்கள். பள்ளி திறக்கப்படும் என்று அரசாங்கமே அறிவித்திருந்தது. சென்றவர்கள் சில மணி நேரங்கூட அமர்ந்திருக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பிப் போகும்படி உத்தரவு வந்துவிட்டது. அழுதுகொண்டே வீதியில் நடந்த அந்தப் பிள்ளைகளை உலகமே பார்த்தது. ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்மக்களுக்குப் படிப்பில்லை என்னும் நிலை அன்று உறுதியாயிற்று. 2025ஆம் ஆண்டிலும் அது மாறவில்லை.

இச்செய்தியைப் பற்றி நம் கோலசிலாங்கூர்ச் சகோதரர்கள் பேசும்போது மூன்று விதமான அபிப்பிராயங்களைக் கேட்கிறோம். "எங்கோ கிடக்கும் நாடு, நமக்கென்ன?" என்பது ஒன்று. "மார்க்கத்தின் பெயரால் நடக்கும் ஆட்சியைக் குறை சொன்னால் மார்க்கத்தையே குறை சொன்னதாகாதா?" என்பது மற்றொன்று. "மாற்றார் நம்மை ஏசுவதற்கு இது இடங்கொடுக்கும், வாய் மூடியிருப்பதே மேல்" என்பது மூன்றாவது. இவற்றில் எது சரி என்பதை நாம் நிதானமாக ஆராய வேண்டும்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். அந்நாட்டுப் பெண்கள் ஒன்றுமறியாது மூலையில் கிடந்தவர்கள் அல்லர். 1964ஆம் ஆண்டின் அரசியல் சட்டத்தை வரைந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். அடுத்த ஆண்டே ஒரு பெண்மணி சுகாதார அமைச்சரானார். 1996 முதல் 2001 வரை தாலிபான்கள் ஆண்டபோது பெண்களின் படிப்பும் வேலையும் பறிக்கப்பட்டன. 2004ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமை என்று எழுதிற்று. 2021 ஆகஸ்டில் தாலிபான்கள் மீண்டும் வந்தார்கள். அடுத்த மாதம் உயர்நிலைப்பள்ளிக்கு ஆண்பிள்ளைகள் மட்டும் அழைக்கப்பட்டார்கள். 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவு சாத்தப்பட்டது. 2024 ஆகஸ்டில் வந்த சட்டம், பெண்ணின் குரலையே வெளியில் கேட்கக்கூடாத பொருளாக ஆக்கிற்று. அதே ஆண்டு டிசம்பரில் தாதிப் பயிற்சியும் மருத்துவச்சிப் பயிற்சியும் நிறுத்தப்பட்டன. பள்ளியிழந்த பெண்பிள்ளைகள் குறைந்தது 14 லட்சம் பேர் என்று யுனெஸ்கோ 2024இல் கணக்குச் சொன்னது.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. "இனி ஒருபோதும் இல்லை" என்று அவர்கள் தொடக்கத்தில் சொல்லவில்லை. "தக்க ஏற்பாடு ஆகும் வரையில்" என்றே சொன்னார்கள். பெண்களின் பாதுகாப்புக்காக என்றும் சொன்னார்கள். பெண் நோயாளியை ஆண் வைத்தியர் தொடலாகாது என்று கண்டிப்புச் செய்கிறவர்களே பெண் வைத்தியர் உருவாகும் வழியை அடைத்தால், பிரசவ வேதனையில் துடிக்கும் தாயை யார் காப்பாற்றுவது? பாதுகாப்பு என்று தொடங்கிய காரியம் பாதுகாக்க வேண்டியவரையே சாகவிடும் இடத்தில் வந்து நிற்கிறது.

இது மார்க்கமா? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்து நிகழ்ச்சிகள் இரண்டை மட்டும் நினைவுபடுத்துகிறோம். கன்ஸா பின்த் கிதாம் (ரலி) என்னும் பெண்மணியை, அவருக்கு விருப்பமில்லாத ஒருவருக்குத் தந்தை நிக்காஹ் செய்து வைத்தார். அவர் நாயகத்திடம் சென்று முறையிட்டார். அந்த நிக்காஹ் ரத்தாயிற்று. பரீரா (ரலி) அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றவர். விடுதலை ஆனதும் கணவரைப் பிரிய அவருக்கு உரிமை கிடைத்தது. கணவரோ கண்ணீர் விட்டுக்கொண்டே அவர் பின்னால் திரிந்தார். நாயகமே பரீராவிடம் கணவருக்காகப் பரிந்து பேசினார்கள். "இது தங்கள் கட்டளையா?" என்று கேட்டார் பரீரா. கட்டளையல்ல, பரிந்துரைதான் என்று பதில் வந்தது. அப்படியானால் தமக்கு அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் அப்பெண்மணி. நேற்று வரை அடிமையாயிருந்த ஒரு பெண், அல்லாஹ்வின் தூதருடைய பரிந்துரையையே மறுக்கிறார். அவரை யாரும் கண்டிக்கவில்லை. அந்த உரிமையை இன்று ஓர் அதிகாரி தன் மேசையிலிருந்து ஒரு தாளில் பறித்துவிடலாமா?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக நமக்குக் கிடைத்த ஹதீஸ்கள் 2,000க்கும் மேற்பட்டவை. பெரிய பெரிய சஹாபாக்களே அவர்களிடம் வந்து சந்தேகம் தீர்த்துக்கொண்டார்கள். பெண்ணின் குரல் கேட்கலாகாது என்றால் இவை நமக்கு எவ்வாறு கிடைத்திருக்கும்? பல்கலைக்கழகத் தடை வந்தபோது, கெய்ரோவிலுள்ள அல்அஸ்ஹரின் தலைமை இமாம் அஹ்மத் அல்தய்யிப் அவர்கள் அது ஷரீஅத்துக்கு முரணானது என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். அந்த ஆட்சியிலேயே துணை வெளியுறவு அமைச்சராயிருந்த ஷேர் முஹம்மது அப்பாஸ் ஸ்தானிக்ஸாய் 2025 ஜனவரியில் ஒரு மதரஸா விழாவில், இத்தடைக்கு நியாயமே இல்லை என்று பேசினார். ஆகவே இதைக் கண்டிப்பது மார்க்கத்தைக் கண்டிப்பதாகாது. மார்க்கத்தின் பெயரைத் தம் உத்தரவின் அடியில் முத்திரையாகக் குத்துகிறவர்களிடமிருந்து அதை மீட்பதேயாகும். மூன்றாவது அபிப்பிராயத்துக்கும் இதுவே பதில். மாற்றார் ஏசுவது நம் பேச்சினால் அன்று, அந்தச் செய்கையினால்தான். நாம் மௌனமாக இருந்தால், அச்செய்கைக்கு நாமும் உடன்பட்டவர்கள் என்றே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

இனி, "எங்கோ கிடக்கும் நாடு" என்னும் பேச்சுக்கு வருவோம். ஆறாம் வகுப்பு என்று கேட்டவுடன் நம்மில் வயதானவர்களுக்கு ஏதாவது நினைவுக்கு வரவில்லையா?

1917ஆம் ஆண்டில் இந்நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து பத்தாங் பெர்ஜுந்தை (2007 முதல் அது பெஸ்தாரி ஜெயா), இஜோக், புக்கிட் ரோத்தான், ஜெரம் என்று எங்கு பார்த்தாலும் தோட்டங்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளிக்கூடம் வைத்துக்கொடுக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அந்தத் தமிழ்ப்பள்ளி மிஞ்சிப்போனால் ஆறாம் வகுப்பு வரைதான். அதற்குமேல் படிக்க டவுனுக்குப் போகவேண்டும். செம்மண் சடக்கில் நடந்து, பஸ் பிடித்துப் போகவேண்டும். அண்ணன் போனான், தங்கை நின்றாள். அவளை நிறுத்துவதற்கு எந்தச் சட்டமும் வரவில்லை. எந்தச் சிப்பாயும் வாசலில் நிற்கவில்லை. "வயதுக்கு வந்த பெண், காலம் கெட்டுக் கிடக்கிறது, பிறகு பார்க்கலாம்" என்று வீட்டில் ஒருவர் சொன்னார். பிறகு யாரும் பார்க்கவில்லை.

லயத்திலிருந்து விடியற்காலை இருட்டில் பிரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டிய பெண்கள் எத்தனையோ பேர். அவர்களை அந்த இருட்டில் அனுப்ப யாருக்கும் பயம் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பட்டப்பகலில் அனுப்பத்தான் பயம் வந்தது! இது எல்லா மதத்தாரிடமும் இருந்த வழக்கம்தான். ஆனால், நாம் அதற்கு மார்க்கத்தையும் துணைக்கு அழைத்துக்கொண்டோம். அப்படி நின்றுபோன பெண்கள் பிற்காலத்தில் வாப்பாவின் சொத்தில் தம் பங்கு எவ்வளவு என்று அறியாமல், நீட்டிய தாளில் கைநாட்டு வைத்ததை நாம் கண்டிருக்கிறோம். பங்கைக் கொடுத்தவன் அல்லாஹ். அதை அறியவிடாமல் செய்தவர்கள் நாம்.

ஆப்கானிஸ்தானத்தையும் நம் வீட்டையும் ஒரே தராசில் வைத்துச் சமம் என்று கூற வரவில்லை. தந்தையின் பயம் வேறு. சாட்டை பிடித்த சர்க்கார் வேறு. தந்தையிடம் ஓர் ஆசிரியரோ ஓர் அண்டை வீட்டாரோ பேசி மனத்தை மாற்றலாம். அங்கே பேசியவருக்குச் சிறை. ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றே: அமானிதமாக ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காவல்காரன் தன் சொந்தப் பொருளென்று நினைத்துக்கொள்வது.

அந்த நினைப்புச் சட்டத்திலும் புகும். அதுவும் ஓசையின்றிப் புகும். நம் சிலாங்கூர் மாநிலத்தின் 1984ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டப்படி, இன்னொரு மனைவியை மணக்க விரும்புகிறவர், அம்மணம் நியாயமானதாகவும் அவசியமானதாகவும் இருப்பதை ஷரீஅத் நீதிமன்றத்தில் காட்ட வேண்டியிருந்தது. 2003ஆம் ஆண்டின் சட்டத்தில் அது "நியாயமானதாகவோ அவசியமானதாகவோ" என்றாயிற்று. மலாயில் 'டான்' இருந்த இடத்தில் 'அத்தாவ்' வந்தது; தமிழில் சொன்னால் 'உம்' போய் 'ஓ' வந்தது. அவ்வளவுதான்! முதல் மனைவிக்கிருந்த பாதுகாப்பில் பாதி அந்த ஓரெழுத்தில் போயிற்று. 2005 டிசம்பரில் கூட்டரசுப் பிரதேசச் சட்டத்திலும் இதே மாறுதல் வந்தபோது, மேலவையின் பெண் உறுப்பினர்கள் எதிர்த்துப் பேசினார்கள். கட்சிக் கட்டளைக்குப் பணிந்து ஆதரித்தே வாக்களித்தார்கள். மாதர் சங்கங்கள் உரத்துக் கண்டித்த பிறகே, அரசாங்கம் அதை அமலுக்குக் கொண்டுவராமல் மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொண்டது. வாய் திறந்தவர்களால்தான் அங்கே கதவு முழுதும் சாத்தப்படாமல் நின்றது.

நன்மையும் அதே வழியில்தான் வருகிறது. முஸ்லிம் பெண்ணின் குறைந்தபட்சத் திருமண வயது 16ஆக இருந்ததை 18ஆக உயர்த்த, சிலாங்கூர்ச் சட்டமன்றம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. நீதிமன்ற அனுமதி என்னும் விதிவிலக்கு இன்னும் இருந்தாலும், இது வரவேற்கத்தக்க காரியம். மார்க்கம் அதனால் குறைந்துபோய்விடவில்லை. எழுதிய கை திருத்தி எழுதவும் கூடும் என்பதற்கு இது அத்தாட்சி.

ஆகவே காபூலுக்காக துஆச் செய்வோம். அத்துடன் நிறுத்திக்கொள்ள வேண்டாம். நம் வீட்டுப் பெண்ணிடம் நிக்காஹுக்குச் சம்மதம் கேட்கும்போது, அவள் மௌனத்தை நம் வசதிக்குப் பொருள் செய்துகொள்ளாமல் வாய்திறந்து சொல்லும்படி கேட்போம். அவளுடைய மஹர் அவள் கையில்தான் இருக்கிறதா என்று பார்ப்போம். வாப்பா மௌத்தானால் சகோதரியின் பங்கை, அவள் கேட்கும் முன்பே கணக்கிட்டுக் கொடுப்போம். தோட்டத்திலிருந்து வெளியேறி டவுனில் குடியேறிய குடும்பங்களில் இன்றும் படிப்பு நின்றுபோன பெண்பிள்ளை இருந்தால், ஜமாஅத்தார் அந்த வாசலுக்குப் போய் ஏன் என்று கேட்பார்களாக. பஸ் கட்டணம்தான் தடையென்றால், அதைத் தீர்க்க நம் பைத்துல்மாலால் முடியாதா?

"பிறகு பார்க்கலாம்" என்று நம் வாயில் சொல் வரும்போதெல்லாம், அந்த மார்ச் மாதக் காலையில் திரும்பி நடந்த பிள்ளைகளை நினைத்துக்கொள்வோம். அவர்களுக்கும் அதைத்தான் சொன்னார்கள்.