ஆரோக்கியத்துக்குத் தனிமையைக் கொடுத்தது யார்?

தனிமை என்றதும் நம் இலக்கியவாதிகள் மெர்சோவைத்தான் கூப்பிடுவார்கள். ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' 1980இல் வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் க்ரியா வெளியீடாக வந்தது. தனிமை என்பது மனுசனாய்ப் பிறந்த எல்லாருக்கும் விதித்தது என்ற பேச்சும் கூடவே வந்தது. 1994இல் அதே க்ரியா இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவலைக் கொண்டுவந்தது. அதில் வரும் ஆரோக்கியத்தின் தனிமை இந்தக் கணக்கில் அடங்காது.

மெர்சோ பெற்ற தாயின் சாவுக்கே அழாதவன். ஆரோக்கியமோ ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் போய் நின்றாக வேண்டியவள். பறத்தெருவுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணாத்தி. பிரசவம் பார்ப்பது, தீட்டுத்துணி அலசுவது, ராத்திரி வீடுவீடாய்ச் சோறெடுப்பது எல்லாம் அவள் தலையில். அவள் தேவைப்படாத வீடு ஒண்ணுகூட இல்லை. உறவு என்று சொல்ல ஒரு வீடும் இல்லை. மகள் மேரிக்கு நடந்த கொடுமையை அவள் எங்கே போய்ச் சொல்வாள்? கெடுத்தவனும் நியாயம் சொல்ல வேண்டியவர்களும் ஒரே தெரு. இது விதி கொடுத்த தனிமை இல்லை. மனுசன் மனுசிக்குக் கொடுத்தது.

கொடுத்தவர்களும் ஒதுக்கப்பட்டவர்கள்தானே என்பதுதான் சிக்கல். நாவல் வந்தபோது நம்மிலேயே சிலர் கோபப்பட்டார்கள். சாதி இந்துக்களின் கொடுமையை விட்டுட்டு இதை எழுதறது எதிரி கையில் கத்தி கொடுக்கிற வேலைன்னு கேட்டார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. 'உங்களுக்குள்ளேயே இருக்கே' என்று நம்மைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. ஆனால் அந்த ஏணியைக் கட்டியவன் யார்? 1932இல், திருநெல்வேலிப் பக்கம் பகலில் வெளியே தலைகாட்டக் கூடாத புதிரை வண்ணார் பற்றி 'இந்து' பத்திரிகையில் செய்தி வந்தது. அதை எடுத்துத் தன் எழுத்தில் பதிந்தவர் அம்பேத்கர். நம் மானம் போகுமென்று அவர் மறைக்கவில்லை. ஒவ்வொரு படியிலும் மிதிக்க ஒரு கீழ்ப்படியைக் கொடுத்துத்தான் சாதி நிற்கிறது என்று காட்டியவரே அவர்தான்.

எங்கள் வண்ணாரப்பேட்டை, கம்பெனிக்காரன் காலத்தில் ஏற்றுமதித் துணி வெளுத்தவர்கள் குடியிருந்த இடம். அவர்கள் புதிரை வண்ணார் என்று சொல்ல வரவில்லை. தொழில் ஊர்ப்பேராகி, 2019இல் திறந்த மெட்ரோ ஸ்டேஷன் பலகைவரை ஏறிவிட்டது. வெளுத்தவர்களில் ஒருத்தர் பேர்கூட நம் வாயில் இல்லை. ஆரோக்கியத்துக்கும் அதே கதைதான். ஊருக்கு அவள் வெறும் வண்ணாத்தி.

எனவே தோழர்களே, அடிபட்டவனுக்கு இன்னொருத்தரைத் தனியே நிறுத்த உரிமை உண்டா? இல்லை. ஒற்றுமைக்காக அவளை வாய்மூடச் சொல்வதும் அவளைத் தனியே நிறுத்துவதுதான். 2009இல் அரசு புதிரை வண்ணார் நலவாரியம் அமைத்தது. வாரியம் உதவித்தொகை கொடுக்கலாம். ஒரே பந்தியில் உட்கார்வதும், பெண் கொடுத்து எடுப்பதும், அவள் 'முடியாது' என்றால் அதை மதிப்பதும் எந்த வாரியமும் செய்து தராது. அதை நாமதான் செய்யணும்.