வாசியற்ற காசு

உயிர்கட்கு வரும் இன்ப துன்பங்களும் அவற்றிற்கு வாயிலாகிய பொருள்களும் வினைவழி வருவன என்பதும், வினை சடமாதலின் தானே வந்து பொருந்தமாட்டாது, முதல்வனே அதனை உயிர்க்குக் கூட்டுவிப்பன் என்பதும் சைவசித்தாந்தத் துணிபு. இதனைப் பலகாலும் ஓதியும் ஓதுவித்தும் வந்துள்ளோம். ஆயினும், ஒரு துணிபினை ஏட்டில் ஓதுதல் வேறு. அதனை நம் பையிலுள்ள பணத்தொடு வைத்து ஆராய்தல் வேறு. ‘நாம் முயலாமலும் வேண்டாமலும் தானே வந்து கையிற் புகுந்த பொருள், வினை கூட்டிய பொருளாதலின், நமக்கே உரியதாமோ?’ என்னும் வினா அண்மையில் எளியேன் வாழ்க்கையில் எழுந்தது. அதனை அன்பர்கள்முன் வைத்துச் சிறிது சிந்திக்கப் புகுகின்றேன். சான்றோர் பிழை பொறுத்தருள்க.

எளியேன் இளமையில் ஒரு திருமடத்தில் தங்கித் தமிழும் சாத்திரமும் பயின்று, பின்னர்ப் பள்ளித் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். மடத்திற் பழகிய பழக்கங்களுள் இரண்டு இன்றும் நீங்கவில்லை. வைகறையில் நீராடித் திருநீறணிந்து ஐந்தெழுத்தோதல் ஒன்று. துயிலுமுன் அன்றைய வரவு செலவைச் சிற்றேடொன்றில் எழுதுதல் மற்றொன்று. இது மடத்துக் களஞ்சியத்தில் அரிசி அளந்த முதியவரிடம் கற்றது. அவர் ஆழாக்கு அரிசியையும் எழுதாது விடார். இவற்றோடு, யானே வளர்த்துக்கொண்ட பழக்கமும் ஒன்றுண்டு. கடையிலாயினும் வண்டியிலாயினும் மீதிப் பணம் தருவார் தந்ததனை எண்ணிப் பாராது பையிலிடுவேன். அதனைப் பற்றின்மைக்கு அடையாளம் என்று கருதி உள்ளூரச் செருக்கும் கொண்டிருந்தேன் என்பதனை ஒளியாது கூறுகின்றேன்.

சில திங்கள்முன் திருவீழிமிழலையை வழிபடும் பேறு கிடைத்தது. என்னோடு மடத்தில் ஒருங்கு பயின்ற நண்பர் ஒருவரும் உடன்வந்தார். கும்பகோணத்தினின்று பேருந்திற் சென்று, பெருமானை வணங்கி, ஆளுடையபிள்ளையாரும் ஆளுடையவரசும் படிக்காசு பெற்ற பீடங்களைக் கண்டு கைதொழுது, மாலையில் வீடு திரும்பினோம். இரவில் ஏட்டை விரித்து எழுதுங்கால் கணக்கு நேரவில்லை. மும்முறை கூட்டினேன், மும்முறையும் நானூறு ரூபாய் மிகுந்தது. பின்னரே விளங்கிற்று. திரும்பும் வண்டியில் நடத்துநரிடம் நூறு ரூபாய்த் தாள் ஒன்று கொடுத்தேன். மங்கிய மாலையொளியிலும் மக்கள் நெருக்கத்திலும் அதனை ஐந்நூறு எனக் கருதி அவர் மீதி தந்துவிட்டார். யான் வழக்கம்போல் எண்ணாது பையிலிட்டேன்.

நண்பரிடம் கூறினேன். அவர் நகைத்து, ‘புலவரே, இது வீழிமிழலையான் உமக்குத் தந்த படிக்காசு அன்றோ! நீர் கேட்டீரல்லீர், கவர்ந்தீரல்லீர். உமது பிராரத்தம் கொணர்ந்தது, கூட்டுவித்தவன் இறைவன். அதனைத் திருப்பிக் கொடுக்க ஓடுதல் அவன் திருவருளை மறுப்பதாகாதோ? அன்றியும், ஓட்டையும் பொன்னையும் ஒப்பக் காணவேண்டிய நாம் நானூறு ரூபாய்க்காகப் பேருந்து நிலையத்தில் ஆளைத் தேடி அலைதல் பொருட்பற்றே யாகும். ஏதேனும் ஒரு திருக்கோயில் உண்டியலில் இட்டுவிட்டுத் துயிலும்’ என்றார். அவர் கூறியது நகை. எனினும் என் நெஞ்சம் அதனை நியாயமாகக் கொள்ள விழைந்தது. சாத்திரம் கற்றார்க்கு உள்ள இடர் இதுவே. கல்லாதான் தவறு செய்யுங்கால் அஞ்சுவான். கற்றானோ அத்தவற்றிற்கு ஒரு பிரமாணம் தேடுவான். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

நண்பர் கூற்றில் இரண்டு தடைகள் உள. முதலாவதனை முதற்கண் ஆராய்வாம். பிராரத்தம் கூட்டியது ஆகலின் எனதே என்பது அத்தடை. அற்றேல், கள்வனும் தான் கவர்ந்த பொருளைக் குறித்து இவ்வாறே கூறலாம். கவரும் வாய்ப்பும் வினைவழி வந்ததே யன்றோ? நுகர்வினை ஊட்டுவது நுகர்ச்சியை. அது யார்க்கும் உரிமைப் பட்டயம் எழுதித் தருவதன்று. ஒரு பொருள் நம் கைக்கு வருதல் பிராரத்தம். வந்ததனை அறிந்தபின் நாம் செய்வது ஆகாமியம். முன்னது பழைய வயலின் விளைவு; பின்னது புதிய வித்து. ஏட்டைக் கூட்டிப் பார்க்கும்வரை அப்பணம் என் பையில் இருந்தது கவனமின்மையாகிய பிழை ஒன்றே. கூட்டிப் பார்த்தபின் அஃது என் பையில் இருக்கும் ஒவ்வொரு நாழிகையும் யான் செய்யும் செயலாம். மேலும், காசைக் கூட்டிய முதல்வன் கணக்கைக் கூட்டாதொழிந்தானோ? நானூறு மிகுந்தது என்னும் அறிவையும் அவனே அன்றிரவு தந்தான். வந்த பொருளை அருள் என்று கொண்டு, உடன்வந்த அறிவை மட்டும் விலக்குதல் நடுவுநிலை ஆகாது.

இனி இரண்டாவது தடை நுண்ணியது. பொருளை ஒரு பொருட்டாக மதியாமை அடியார் இயல்பாயின், சில ரூபாய்க்காக ஆராய்ந்து அலைதல் தகுமோ என்பது அது. இதற்கு விடை யான் அன்று பகலில் கைதொழுத பீடங்களிலேயே இருந்தது.

பெரியபுராணம் கூறும் அவ்வரலாறு அன்பர் யாவரும் அறிந்தது. நாட்டில் பஞ்சம் வந்துற்றபோது, அடியார்களை ஊட்டுதற்பொருட்டு வீழிமிழலைப் பெருமான் நாடோறும் கிழக்குப் பீடத்திற் பிள்ளையார்க்கும் மேற்குப் பீடத்தில் அரசர்க்கும் ஒவ்வொரு காசு வைத்தருளினான். அரசர் மடத்தில் அடியார்கள் உரிய பொழுதில் அமுது செய்தனர். பிள்ளையார் மடத்திலோ அமுது காலந்தாழ்த்தது. காரணம் வினவிய பிள்ளையார்க்குப் பணிசெய்வோர், அரசர் பெற்ற காசு வாசியின்றிச் செல்கின்றது, தாங்கள் கொண்டுபோகும் காசிற்கோ வணிகர் வாசி கேட்கின்றனர் என்றனர். அரசர் கைத்திருத்தொண்டு செய்பவராதலின் அவர் காசு வாசியற்றதாயிற்று என்று பிள்ளையார் திருவுளங் கொண்டு, பெருமானைப் பாடி, வாசி நீங்கிய காசு பெற்றருளினார்.

வாசி என்பது காசை மாற்றுங்கால் கழிக்கப்படும் வட்டம். இது பழங்கதை என்று கருதவேண்டா. 2016-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லா என அறிவிக்கப்பெற்றபோது, அவற்றைக் கழிவு கொண்டு மாற்றித் தந்தோர் இருந்தமை நாம் அறிந்ததே. காசு காசாகவே இருக்க, அதன் மதிப்புக் குறைந்ததனை அன்று கண்டோம்.

ஈண்டு நோக்கற்பாலது ஒன்றுண்டு. பிள்ளையார் சிவஞானம் உண்டவர். பொன்னாசை அவர்பாற் கடுகளவும் இன்று. அங்ஙனமாகவும் ஒரு காசின் சிறு குறைவை ஏன் பொருட்படுத்தினார்? தமக்காக அன்று. அக்குறைவினால் வேறு சிலருடைய பசி நீட்டித்தது, அதனாலேயே பொருட்படுத்தினார். அரசரோ, திருப்புகலூரில் தாம் உழவாரப்பணி செய்த இடத்திற் பொன்னும் மணியும் விளங்கித் தோன்றவும், அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒப்ப வாரி வாவியில் எறிந்தவர். பொன்னைக் கல்லென எறிந்த அவர் கைக்காசே சந்தையில் ஒரு சிறிதும் குறைவின்றிச் சென்றது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரணுவன அல்ல. தமக்கு வருமிடத்துப் பொன்னும் கல். பிறர் பசி தீர்க்குமிடத்து ஒரு காசும் பொன். இதுவே அடியார் நிலை.

ஆகவே, ஓட்டையும் பொன்னையும் ஒப்பக் காணல் என்பது நம்முடைய ஆக்கத்தினும் நம்முடைய கேட்டினும் வைத்து நோக்கற்பாலது. பிறருடைய கேட்டின்மேல் ஏற்றிக் கூறற்பாலதன்று. எனக்கு நானூறு ரூபாய் குறைந்த வழி மனம் கலங்காதிருத்தல் இருவினையொப்பின்பாற் படும். பிறர்க்கு நானூறு குறைந்த வழி மனம் கலங்காதிருத்தல் வன்கண்மையே யாம். யான் இவ்வளவு காலமும் மீதியை எண்ணாது பையிலிட்டுப் பற்றற்றவன்போல் இருந்தது, பிறர் பொருளின்மேல் நிகழ்த்திய பற்றின்மை என்பது அப்பொழுதுதான் தெளிவாயிற்று. உண்டியலில் இடுதலும் அத்தன்மைத்தே. ஒருவர் இழந்ததனைக் கொண்டு நாம் ஈகை செய்தல் எங்ஙனம் பொருந்தும்?

மறுநாள் மாலை, சீட்டில் அச்சாகியிருந்த தடவெண்ணையும் நேரத்தையும் கொண்டு அந்நடத்துநரைப் பேருந்து நிலையத்திற் கண்டேன். நிகழ்ந்ததனைக் கூறிப் பணத்தைக் கொடுத்தேன். அவர் சற்றுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின், ‘ஐயா, நேற்றிரவு கணக்கு ஒப்படைக்கும்போது குறைந்தது. ஓட்டுநரிடம் கடன் வாங்கிக் கட்டினேன். அது போகட்டும். நீங்கள் இறங்கிய பிறகு ஒரு மாணவன் தனக்கு எண்பது ரூபாய் பாக்கி வரவேண்டும் என்றான். பாக்கியிருந்தால் சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுப்பது என் வழக்கம். அவன் சீட்டில் எழுதியிருக்கவில்லை. பையில் பணம் குறைவதைக் கண்டு கலங்கியிருந்த நான், அவன் ஏமாற்றுகிறான் என்று நினைத்துப் பலர் நடுவே கடிந்துவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனான். எழுத மறந்தது நானாகவும் இருக்கலாம்’ என்றார். அம்மாணவன் யாவன், எவ்வூரினன் என்பதனை அவரும் அறியார்.

நானூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாம் என்று கருதிச் சென்றேன். முடியவில்லை. பணம் திரும்பிற்று, அம்மாணவன் மேல் விழுந்த பழிச்சொல் திரும்பவில்லை. வினை கிளைத்து வளரும் என்று பல ஆண்டுகள் மாணாக்கர்க்கு உரைத்தவன் யான். ஒரு மீதியை எண்ணாமையினின்று ஒருவர் கடனும், மற்றொருவர் நாணமும், வேறொருவர் கடுஞ்சொல்லும் ஓரிரவுக்குள் கிளைத்தமையை அன்றே கண்கூடாகக் கண்டேன்.

வீடு திரும்பும் வழியில் அத்தலத்தின் மற்றொரு வரலாறு நினைவில் எழுந்தது. திருமால் நாடோறும் ஆயிரம் தாமரை மலர்கொண்டு அப்பெருமானை அருச்சித்து வருங்கால், ஒருநாள் ஒரு மலர் குறைந்ததாகத் தம் கண்ணையே இடந்து சாத்திச் சக்கரம் பெற்றார் என்ப. திருமாலின் அன்பை வியத்தற்கே இதனை இதுவரை எடுத்துரைத்து வந்தேன். அன்றுதான் மற்றொன்றும் தோன்றிற்று. எண்ணிக்கையிற் குறைவு உண்டாயின் அது தானே நிரம்புவதில்லை. யாரேனும் ஒருவர் தம்மிடத்துள்ளதைக் கொண்டே அதனை நிரப்புவர். திருமால் அன்பினால் விரும்பி நிரப்பினார், சக்கரம் பெற்றார். என் கவனமின்மையால் வந்த குறைவை நடத்துநர் கடன்பட்டு நிரப்பினார். அம்மாணவன் தன் மானத்தால் நிரப்பினான். அவர்கள் பெற்றது யாதுமில்லை.

இதனால் எளியேன் என் பழக்கங்களுட் சிலவற்றைத் திருத்திக்கொண்டேன். அவை மிகச் சிறியன. வழிச்செல்லுமுன் சில்லறை மாற்றி வைத்துக்கொள்கின்றேன். கொடுக்கும் தாளின் தொகையை வாயாற் சொல்லிக் கொடுக்கின்றேன். மீதியைக் கொடுத்தவர் முன்னரே எண்ணி, மிகினும் குறையினும் அப்பொழுதே கூறுகின்றேன். கைபேசியாற் பணம் செலுத்தும்போதும் தொகையை இருமுறை நோக்குகின்றேன். நண்பர், ‘புலவர்க்கு முதுமையிற் காசாசை பிறந்தது’ என்று இன்றும் நகைப்பர், நகைக்கட்டும். தலயாத்திரை போவார் இறைவனைக் காணவே போகின்றனர். அவன் திருமுன் நிற்கும் நாழிகை சில. நடத்துநர், கடைக்காரர், உணவிடுவோர் ஆகியோர் முன் நிற்கும் நாழிகை பல. இப்பலவற்றிற் கைக்கொள்ளும் ஒழுக்கமும் வழிபாடே என்க.

காசின் வாசி இக்காலத்துக் காசில் இல்லை. அதனை வாங்கும் கையிலும் கொடுக்கும் கையிலும் உள்ளது. எவர் இழப்பும் கலவாத காசு வாசியற்றது. அத்தகைய காசே அடியார் அமுதிற்கும் ஆலயப் பணிக்கும் உரியது. என் சிற்றேட்டில் அந்நாளின் பக்கத்தில் நானூறு என்னும் வரவுக்கு நேரே நானூறு என்னும் செலவு எழுதிவிட்டேன். அதன் கீழ் எண்பது என்னும் எண் இன்னும் ஈடின்றி நிற்கின்றது. அவ்வழியே பேருந்திற் செல்லும்போதெல்லாம் மாணவர் முகங்களை நோக்குகின்றேன். பெருமான் என்றேனும் அவனைக் காட்டியருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.