இயந்திரம் சாட்சியாகுமா?

யூசுஃப் நபி (அலை) அவர்களின் சட்டை, திருமறையில் இருமுறை சான்றுப் பொருளாக வருகிறது. அவர்களைக் கிணற்றில் தள்ளிய தமையன்மார், பொய்க் குருதி தோய்ந்த சட்டையைத் தந்தையார் யஃகூப் (அலை) அவர்களிடம் காட்டி, ஓநாய் தின்றுவிட்டதென்றனர் (12:18). பின்னொரு நாள் மிஸ்று நாட்டில் அவர்கள்மீது பழி சுமத்தப்பட்டபோது, பின்புறம் கிழிந்திருந்த சட்டை அவர்களின் தூய்மையை நிறுவிற்று (12:26-28).

முதற் சட்டை பொய்யுரைத்ததா? இல்லை. துணி பொய்யும் சொல்லாது, மெய்யும் சொல்லாது. பொய்யுரைத்தது அதைக் கொணர்ந்தவர் நாவு. ஓநாய் தின்ற உடலின் சட்டை கிழியாதிருப்பதெப்படி என்று யஃகூப் (அலை) அவர்கள் ஐயுற்றதாக விரிவுரையாளர் எடுத்துரைப்பர். இரண்டாம் நிகழ்ச்சியிலோ, முன்புறம் கிழிந்திருந்தால் யார் சொல் மெய், பின்புறம் கிழிந்திருந்தால் யார் சொல் மெய் என்று இருதரப்புக்கும் பொதுவான அளவுகோல் முதலில் வைக்கப்பட்டது. சட்டை பார்க்கப்பட்டது அதன் பிறகே.

கணிப்பொறிப் பதிவும் கைப்பேசித் தகவலும் நீதிமன்றம் ஏறும் இக்காலத்தில் நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே. சாட்சி வேறு, கரீனா என்னும் குறிப்புச் சான்று வேறு. இப்னுல் கய்யிம் (ரஹ்) போன்ற பேரறிஞர்கள் குறிப்புச் சான்றுகளைப் புறக்கணித்தாரல்லர். அவற்றைக் கொண்டு உரிமை காக்கப்பட வேண்டுமென்றே வாதிட்டனர். எனினும் கரீனா ஒருபோதும் தானே பேசுவதில்லை. அதற்காகப் பேசும் மனிதன் ஒருவன் எப்போதும் இருக்கிறான். அவனை விசாரிக்க மறந்தால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்து நாட்டு அஞ்சல் துறையின் வரலாறே போதுமானது.

அங்கே 1999ஆம் ஆண்டு முதல் கிளை அஞ்சலகங்களில் 'ஹொரைசன்' என்னும் கணக்குப் பொறி அமைப்பு புகுத்தப்பட்டது. கணக்கில் பணம் குறைவதாக அது காட்டிற்று. பொறி காட்டிய குறைவைக் கிளைப் பொறுப்பாளர்கள் தம் கைப்பணத்திலிருந்து ஈடுகட்டினர். இயலாதோர் திருடர் எனப்பட்டனர். 2015 வரையில் 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்ப்புப் பெற்றனர். 2010இல் கருவுற்றிருந்த பெண்மணி ஒருவரும் சிறையிலடைக்கப்பட்டார். கணிப்பொறி சரியாக இயங்கியதென்று அதன் பதிவைக் கொணர்வோரே காட்ட வேண்டுமென 1984ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அந்நாட்டில் இருந்தது. 1999இல் இயற்றிய சட்டத்தால் அவ்விதி நீக்கப்பட்டது. அதன்பின் பொறி சரியானதென்பதே நீதிமன்றத்தின் தொடக்க அனுமானமாயிற்று. வழக்குரைப்பவன் மீதே சான்றுக் கடமை என்னும் நெறி தலைகீழாகி, பொறியின் உட்புறத்தை ஒருநாளும் கண்டிராத எளியோர் அதன் பிழையை நிறுவ வேண்டிய நிலை வந்தது. அவ்வமைப்பில் பிழைகள் இருந்தமையும், கிளையின் கணக்கைத் தொலைவிலிருந்தே பிறர் மாற்ற இயன்றமையும் 2019 டிசம்பர்த் தீர்ப்பில் வெளிப்பட்டன. 2024இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி நூற்றுக்கணக்கான தண்டனைகளை நீக்கிற்று. அதற்குள் மாண்டு போனவர்களுக்கு அத்தீர்ப்பு எவ்வாறு எட்டும்?

ஹதீஸ் கலை வல்லார் ஓர் அறிவிப்பை ஏற்குமுன் அறிவிப்பாளரின் நேர்மையையும் நினைவுத் திண்மையையும் ஆராய்ந்தனர். யாரிடமிருந்து யார் கேட்டார் என்னும் இஸ்னாதுச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் தயங்கினர். கணிப்பொறிக்கு நினைவுத் திண்மை இருக்கலாம். நேர்மை என்னும் குணமோ, சத்தியத்துக்கு அஞ்சும் உள்ளமோ அதற்கில்லை. செயற்கை நுண்ணறிவு இன்னும் ஒருபடி மேலே போய், தான் அறியாததையும் ஐயமற்ற குரலில் உரைக்கிறது. 2020 சனவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் காவலர், முகம் ஒப்பிடும் பொறி காட்டிய ஒற்றுமையை நம்பி, திருட்டில் தொடர்பில்லாத ஒருவரை அவர் மனைவி மக்கள் கண்முன் கைது செய்தனர். பொறி சொன்னது 'ஒத்திருக்கலாம்' என்பதே. அதை 'இவனே' என்று திரித்தது மனித மனத்தின் சோம்பல்.

நம் நாட்டில் 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு பொறுப்பாளரும் வல்லுநரும் ஒப்பமிட்ட சான்றிதழும் வேண்டுமென்கிறது. பொறிக்குப் பின்னால் நிற்கும் மனிதனைப் பெயரோடு முன்னே அழைக்கும் ஏற்பாடு இது. வரவேற்கத் தக்கதே. ஆனால் அவ்வொப்பம் வெறுஞ் சடங்காகிவிட்டால் பயனென்ன? ஆராயாமல் ஒப்பமிடுபவன், காணாததைக் கண்டேன் என்று சொல்லும் சாட்சியை ஒத்தவனன்றோ?

தீயவன் கொணரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு திருமறை பணிக்கிறது. அறியாமையால் ஒரு சமூகத்தாருக்குத் தீங்கிழைத்து, பின்னர் வருந்த நேரும் என்று காரணமும் சொல்கிறது (49:6). இவ்வெச்சரிக்கை நீதிமன்றத்துக்கு மட்டுமன்று. கைப்பேசியில் வரும் ஒரு படத்தைக் கண்டு அண்டை வீட்டாரின் மானத்தைத் தீர்ப்பிடும் நம் ஒவ்வொருவருக்கும் உரியது. மறுமையில் பொறியை யாரும் விசாரிக்கப் போவதில்லை. அதன் சொல்லை நம்பித் தீர்ப்பிட்ட நாமே விசாரிக்கப்படுவோம். நீதியில் வழுவாது நிற்க வல்ல இறைவன் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.