தூரத்துக் காதலின் பாதுகாப்பு

கூச்சம் காதலுக்குப் பகை என்று நினைக்கிறோம். பியேர் எத்தெக்ஸின் ‘லெ சூபிரான்’ படத்தைப் பார்த்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூச்ச சுபாவிக்கும் காதல் வருகிறது. ஆனால், அது எட்டாத தொலைவில் உள்ளவர்மேல்தான் வருகிறது.

லூயி தெல்யூக் விருது பெற்ற கறுப்பு வெள்ளைப் படம் இது. ஜான் குளோது காரியருடன் சேர்ந்து எழுதி, இயக்கி, நாயகனாகவும் நடித்தார் எத்தெக்ஸ். கதையின் நாயகன் வசதியான வீட்டுப் பிள்ளை. வானியலில் மூழ்கிக் கிடக்கிறான். கல்யாணம் செய்துகொள் என்கிறார்கள் பெற்றோர். வீட்டில் தங்கியிருக்கும் ஸ்வீடன் பெண் இல்காவிடம் கேட்டுப் பார்க்கிறான். அவளுக்கு பிரெஞ்சு தெரியாது. அத்தோடு அவளை விட்டுவிட்டு ஊரெல்லாம் பெண் தேடுகிறான். கடைசியில் தொலைக்காட்சியில் பாடும் ஸ்டெல்லாவிடம் மனதைப் பறிகொடுத்து, அறை முழுக்க அவள் படங்களை நிரப்புகிறான்.

நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன் பாடகியைப் பார்க்கத் தொடங்கினான். பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. இரண்டும் அவனைத் திரும்பிப் பார்க்காதவை. சுவரில் ஒட்டிய படம் ‘முடியாது’ என்று சொல்லாது. கூச்சம் அஞ்சுவது அந்த ஒரு சொல்லுக்குத்தான். ஸ்டெல்லாவுக்கு வளர்ந்த மகன் இருப்பது தெரிந்ததும் மயக்கம் கலைகிறது. அவன் நேசித்தது அவளையல்ல, தானே வரைந்துகொண்ட ஒருத்தியை.

இதற்கிடையில் இல்கா பிரெஞ்சு கற்றுக்கொண்டுவிட்டாள். அவன் மேல் அன்பும் வைத்துவிட்டாள்.

ஜாக் தாத்தியின் ‘மோன் ஓங்க்ல்’ படத்தில் பணியாற்றியவர் எத்தெக்ஸ். பேச்சைக் குறைத்து உடலசைவால் கதை சொல்வது அவருக்குக் கைவந்த கலை. அதனால்தான் ஒரே வீட்டுக்குள் இருக்கும் இரண்டு மௌனங்கள் நமக்குத் துலக்கமாகத் தெரிகின்றன. அவன் மௌனம் அச்சத்தால் வந்தது. அருகில் இருந்தவளைப் புரிந்துகொள்ள அது எதுவும் செய்யவில்லை. அவள் மௌனமோ உழைத்தது. ஒரு மனிதனை நெருங்க ஒரு மொழியையே கற்றது.

கூச்சத்தை உதறிவிடு என்று யாருக்கும் சொல்ல எனக்கு மனமில்லை. அது பலருக்குப் பிறவிக் குணம். ஆனால், பேசத் துணிவில்லாதவரும் கவனிக்கலாம், கேட்கலாம், அருகிலிருப்பவரைப் புரிந்துகொள்ள முயலலாம். அதற்குத் துணிச்சலைவிட அக்கறைதான் அதிகம் வேண்டும். காதலில் முதல் அடி, சொல்வது என்று நம்பி எத்தனையோ பேர் வாயடைத்து நிற்கிறார்கள். கற்றுக்கொள்வதும் முதல் அடிதான். அதைக் கூச்சம் தடுக்க முடியாது.