தண்ணி நண்டை விற்காதே!

ஏரியின் முகத்துவாரம் அடிக்கடி மணல் மேடாகிவிடுகிறது. அப்போது கடல் தண்ணீர் உள்ளே வருவதில்லை. அப்பா காலத்து இறால் உன் வலையில் இல்லை.

எல்லாம் உண்மை. எதையும் மறுக்கவில்லை.

அப்புறம்? கரையில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கப் போகிறாயா?

பழவேற்காடு என்ன, குட்டையா? சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி! துணி வாங்கக் கடல் தாண்டி வந்த டச்சுக்காரன் 1613-இல் இங்கே கோட்டையே கட்டினான். வந்தவனுக்குப் பிழைக்க வழி தெரிந்தது. பிறந்த உனக்குத் தெரியாதா?

இன்று காலை ஏறிய சேற்று நண்டை எடு. வியாபாரி என்ன செய்தார்? அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். ஓடு அமுங்கியது. "தண்ணி நண்டு" என்று ஒதுக்கினார். பாதி விலைகூடத் தேறவில்லை.

அந்த நண்டுக்கு என்ன நோய்? ஒரு நோயும் இல்லை!

பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீரை உறிஞ்சி உடம்பை ஊதியிருக்கிறது. புது ஓடு பெரிசு. உள்ளே சதை ஏறவில்லை, அவ்வளவுதான். ஏற மூன்று, நான்கு வாரம் போதும்.

அந்த வாரங்களைத்தான் நீ அடிமாட்டு விலைக்கு விற்கிறாய்!

பொறுத்திருந்து தீனி போட்டவன் கையில் அதே நண்டு ஓடு இறுகுகிறது. கால் கட்டி, உயிரோடு, சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம் ஏறுகிறது. பிடித்த நீ கரையிலேயே நிற்கிறாய். கோபம் வரவில்லையா?

"எனக்கு நிலம் இல்லை."

யார் நிலம் கேட்டது? ஓசூர்க்காரர் பசுமைக்குடில் போட்டுக் குடமிளகாய் எடுக்கிறார். உன் மண் உப்பு, சரி. நண்டுக்கு அந்த உப்புத் தண்ணீர்தானே வேண்டும்! ஏரித் தண்ணீரில் இறக்கும் துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டிதான் உன் பசுமைக்குடில். பெட்டிக்கு ஒரே நண்டு. சேர்த்துப் போட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

"வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறேன்."

இது சாக்கு இல்லை. இது கைவிலங்கு. வாங்கியவன் பிடித்ததை அவரிடமே போட வேண்டும், அவர் சொன்ன விலைக்கு. தெரியும்.

எல்லாவற்றையும் நிறுத்தி வை என்று சொன்னேனா? நல்ல நண்டை வழக்கம்போல் அவருக்கே போடு. கடன் கழியட்டும். அவரே முகம் சுளித்துத் தள்ளுகிற தண்ணி நண்டில் பத்தை மட்டும் உன் பெட்டிக்குக் கொண்டு வா.

பத்தே பத்து! அதற்கும் பயமா?

"செத்துப் போனால்?"

சாகும்! முதல் தடவை சில நிச்சயம் சாகும். தின்னாமல் விட்ட மீன் அழுகித் தண்ணீர் கெட்டிருக்கும். இறுக்கிக் கட்டிய கயிறு காலை நெரித்திருக்கும். ஒரே ராத்திரி மழையில் உப்பு இறங்கியிருக்கும். செத்ததைத் தூக்கி எறியாதே. கையில் எடுத்துப் பார். ஏன் செத்தது? அதைச் சொல்ல முடிந்தால் அடுத்த பத்துக்கு நீ தயார்.

புயல் படகை உடைத்தபோது தொழிலை விட்டாயா? நண்டு செத்ததற்கா விடப் போகிறாய்?

"எனக்குப் படிப்பு இல்லை."

பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களைப் பார்த்திருக்கிறாயே! படகு இல்லை. வலை இல்லை. முறை வைத்து மீன் பிடிக்கும் 'பாடு' ஏற்பாட்டில் பங்கும் இல்லை. அந்தக் குடும்பங்கள் சில, சிபா என்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்திடம் பயிற்சி பெற்று, இதே ஏரிக்கரையில் கொடுவாக் குஞ்சு வளர்த்தன, நண்டு கொழுக்க வைத்தன. சான்றிதழா கேட்டது நண்டு?

உன் வீட்டில் எத்தனை கை இருக்கிறது? எண்ணு!

நீ நண்டு கொண்டு வருகிறாய். உன் மனைவி பொழுது சாய்ந்ததும் கழிவு மீனை நறுக்கிப் போடுகிறாள். நண்டு இருட்டில்தான் நன்றாகத் தின்னும். மகள் நோட்டில் எழுதுகிறாள்: எந்தத் தேதி, எவ்வளவு தீனி, எத்தனை செத்தது. கூலி ஆள் எதற்கு? விற்கும்போது மட்டும் தனியாகப் போகாதே. பக்கத்து நாலு வீட்டோடு சேர்ந்து போ. நாலு வீட்டுச் சரக்கு இருந்தால் விலை பேசலாம்.

முட்டை சுமக்கும் நண்டு வந்தால் ஏரிக்கே திருப்பி விடு. இதில் மட்டும் என்னிடம் பேரம் பேசாதே.

பக்கத்துத் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்துப் போராடுகிறாயா? போராடு! முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்கச் சொல்லிக் கேள், உரக்கக் கேள்! ஆனால் போராடுகிறவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். பசித்தவனை இரண்டு நாளில் வாங்கிவிடுவார்கள்.

நாளைக்கா? ஏன் நாளைக்கு? இன்றே கிளம்பு!

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் பஸ். பொன்னேரியிலிருந்து மின்சார ரயில். சென்னையில் சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கிறது சிபா. கூச்சப்படாதே, அது உன் வரிப்பணத்தில் நடக்கிற அலுவலகம். கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துப் போ. முதல் கேள்வியை நானே சொல்கிறேன்: என் பெட்டியை இறக்கப் போகிற இடத்தில் உப்பு எவ்வளவு இருக்க வேண்டும், அதை நானே எப்படி அளப்பது?