கல்பின் தராசு

 

நாம் ஆலிம் அல்ல. மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் படித்ததும், அதன் பின்பு பினாங்கில் ஒரு மசாலாக் கடையில் தராசுக்கு முன்னால் இருபத்தைந்து வருஷம் நின்றதும்தான் நமது படிப்பு. ஆகையால் இதில் பிழை கண்டால் உலமாப் பெருமக்கள் பொறுத்துக்கொண்டு திருத்தும்படி முதலிலேயே கேட்டுக்கொள்கிறோம்.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் நமது தங்கை மகன், நோன்புப் பெருநாள் கழிந்த வாரத்தில் கடைக்கு வந்தான். வந்தவன் கையில் ஒரு காகிதம் இருந்தது. "மாமு, எங்கள் கம்பெனியில் இரண்டு நாள் வகுப்பு வைத்தார்கள். ஆன்மிக அறிவு என்று பெயர். புத்தி அறிவு போல, இதையும் அளந்து பார்க்கலாமாம். இது வளர்ந்தவனுக்கு மனசும் வளரும், உத்தியோகமும் உயருமாம்" என்றான். டானா ஸோஹர் என்ற அம்மையாரும் இயான் மார்ஷல் என்பவரும் 2000-ஆம் ஆண்டில் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள் என்றும், மறு வருஷம் இந்தோனேசியாவில் அரி கினாஞ்சார் என்பவரும் இதை நமது மார்க்கத்தோடு சேர்த்து ஒரு நூல் எழுதினார் என்றும் சொன்னான். காகிதத்தில் கேள்விகள் இருந்தன. நான் நேர்மையானவன், பிறருடைய உரிமையை மதிப்பவன் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை நாமே மார்க்குப் போட்டுக்கொள்ள வேண்டும். பொழுது போகட்டும் என்று நாமும் போட்டுப் பார்த்தோம். நல்ல மார்க்குத்தான் வந்தது!

அந்த வாரமே சனிக்கிழமை பள்ளிக்கூடம் விடுமுறை. பத்து வயது மகள் கடைக்கு வந்திருந்தாள். பள்ளியில் கிராம், கிலோ கணக்கு நடக்கிறதாம். கண்ணில் பட்டதையெல்லாம் மின்சாரத் தராசில் வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா, சாவிக்கொத்து, நமது தொப்பி எல்லாம் ஏறி இறங்கின. கடைசியில் அரைக்கிலோ தூள் கட்டும் தாள்பை ஒன்றை எடுத்து வைத்தாள். "அத்தா, சும்மா பைக்கே 10 கிராம் காட்டுதே! இந்தத் தாள் என்ன விலை?" என்று கேட்டாள்.

நாம் பதில் சொல்லவில்லை. போய் விளையாடு என்று அனுப்பிவிட்டோம்.

சகோதரர்களே, விஷயம் இதுதான். தராசில் பையை வைத்து, பைக்குள் சரக்கைக் கொட்டி, மொத்தமாக எடை பார்த்து விலை போடுவது நமது கடை வழக்கம். பையை வைத்தவுடன் ஒரு பொத்தானை அமுக்கினால் பையின் எடை நீங்கிப் பூஜ்யம் வரும். அந்தப் பொத்தான் தராசு வாங்கிய நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது. அமுக்கியதில்லை. அமுக்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை; அமுக்க வேண்டும் என்று நாமும் நினைத்ததில்லை. மல்லித்தூளில் 10 கிராம் போனால் அது சில்லறைக் காசு. ஏலக்காயில் அப்படியா? 100 கிராம் ஏலக்காய் 24 வெள்ளி என்றால், அது கட்டும் சின்னப் பை 5 கிராம். அதாவது 1 வெள்ளி 20 காசு. அந்தப் பையை நாம் வாங்கும் விலை சில காசுகள்தான். தாளை ஏலக்காய் விலைக்கு விற்றிருக்கிறோம், நான்கு பேர் பார்க்க, பிஸ்மி சொல்லி!

தராசில் குற்றமில்லை. 1972-ஆம் வருஷத்து எடை அளவுச் சட்டப்படி வருஷத்துக்கொரு முறை அதைப் பரிசோதித்துச் சீட்டு ஒட்டிவிட்டுப் போகிறார்கள். ஆனால் அந்தச் சீட்டு தராசுக்குத்தான். அதன் முன்னால் நிற்கிறவனுக்கு யார் சீட்டு ஒட்டுவது?

குர்ஆன் ஷரீஃபின் 83-ஆவது சூரா, அல்-முதஃப்பிஃபீன். 36 ஆயத்துகள். மதரஸாவில் சின்ன வயசிலேயே மனப்பாடம் செய்தோம். தொழுகையில் எத்தனையோ முறை ஓதியும் இருக்கிறோம். தங்களுக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைத்துவிடுகிறவர்களுக்குக் கேடுண்டு என்று அது தொடங்குகிறது. அன்று இஷாவுக்குப் பிறகு நமது பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் அந்தப் பெயரின் பொருளைக் கேட்டோம். அற்பமானது, கொஞ்சமானது என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து அது வந்ததென்று விரிவுரையாளர்கள் சொல்வதாக அவர் விளக்கினார். எடையில் திருடுகிறவன் மூட்டையாகத் திருடுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்கிறான். அதனால் அவனுக்கு அந்தப் பெயர். நமக்கு 10 கிராம் ஞாபகம் வந்தது. ஷுஐப் நபி (அலை) அவர்களின் மத்யன் ஜனங்களும் நம்மைப் போல வியாபாரிகள்தான் என்பதும் ஞாபகம் வந்தது.

கடையில் நமக்குக் கூட்டாளி நமது மச்சான். அவரிடம் சொன்னோம். அவர் சொன்னதையும் உள்ளபடி எழுதுவதே நியாயம். "எல்லாக் கடையிலும் இதுதானே வழக்கம்? வாங்குகிறவனும் பார்த்துக்கொண்டுதானே நிற்கிறான்? பையை இனாமாகக் கொடுக்கிறோமே, அதற்கு யார் காசு தருகிறார்கள்? வாடகை ஏறுகிறது, சம்பளம் ஏறுகிறது, பக்கத்தில் பெரிய பேரங்காடி வந்துவிட்டது. நீங்கள் ஒருவர் மட்டும் வலியாக இருக்கப் போகிறீர்களா, மச்சான்?" என்றார். அவர் பேச்சில் நியாயமே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். மறுநாள் ஹஜ்ரத்திடம் இதையும் கேட்டோம். பையோடு சேர்த்துத்தான் எடை என்று வாங்குகிறவருக்குத் தெரிந்து, அவரும் சம்மதித்தால் குற்றமில்லை என்றார். "அவருக்குத் தெரியுமா, பாய்?" என்று திருப்பிக் கேட்டார். தெரியாது. தெரிந்திருந்தால் நமது மகள் கேட்டபோது நாம் அவளை விளையாட அனுப்பியிருக்க மாட்டோம்.

இந்த இடத்தில்தான் வாபிஸா (ரலி) அவர்களைப் பற்றிய ஹதீஸ் நமக்கு விளங்கியது. நன்மை எது, பாவம் எது என்று கேட்க வந்த அந்த ஸஹாபியிடம், உம் கல்பிடமே கேளும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஜனங்கள் ஆயிரம் தீர்ப்புச் சொன்னாலும் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருப்பது எதுவோ அதுவே பாவம் என்ற கருத்தில் விளக்கினார்கள். மச்சான் தீர்ப்புச் சொல்லிவிட்டார், கடைத்தெரு வழக்கமும் தீர்ப்புச் சொல்லிவிட்டது, நெஞ்சு மட்டும் ஒப்பவில்லை. தங்கை மகன் சொன்ன ஆன்மிக அறிவுக்கு நமக்குத் தெரிந்த வரை இதுதான் பொருள். பிறருடைய ஹக்கு நம் கையில் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை, கேட்பாரில்லாதபோதும் கல்பு கண்டுகொள்ளும் அறிவு அது. மார்க்குப் போட்டால் அது வராது. நாமே போட்ட மார்க்கு என்னவாயிற்று என்று பார்த்தீர்கள் அல்லவா!

"அப்படியானால் இதனால் உத்தியோகம் உயருமா, உயராதா?" என்று தங்கை மகன் விடாமல் கேட்டான். அவனுக்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் சரித்திரத்தைச் சொன்னோம். தூஸ் நகரத்தில் 1058-இல் பிறந்தவர்கள். 1091-இல் வஜீர் நிஜாமுல் முல்க் அவர்களைப் பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் தலைமை ஆசிரியராக்கினார். வயசு முப்பத்து மூன்று. முன்னால் உட்கார்ந்து ஓதுபவர்கள் முந்நூறு பேர். அந்தக் காலத்தில் ஓர் ஆலிமுக்கு அதைவிடப் பெரிய உத்தியோகம் ஏது? அப்படிப்பட்டவர்கள் தம் நிய்யத்தைத் தாமே சோதித்துப் பார்த்தார்கள். பாடம் சொல்வது அல்லாஹ்வுக்காக அல்ல, பெயருக்காகவும் பதவிக்காகவும் என்று கல்பு சொல்லிவிட்டது. விடவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. ஆறு மாதம் இந்தப் போராட்டம். கடைசியில் நாவே கட்டிவிட்டது, பாடம் சொல்ல வாய் திறந்தால் சொல் வரவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. வைத்தியர்கள் பார்த்து, இது மனசில் பிறந்த நோய், மருந்துக்குக் கட்டுப்படாது என்று கைவிட்டார்கள். 1095-இல் பதவியை விட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். டமாஸ்கஸ் பள்ளிவாசலின் மினாராவில் தனித்திருந்தார்கள். பைத்துல் முகத்தஸ் சென்றார்கள்; ஹஜ்ஜும் செய்தார்கள். 1106-இல் நைசாபூரில் மறுபடியும் பாடம் சொல்ல உட்கார்ந்தபோது, முன்பு பதவியைத் தேடித் தரும் கல்வியைச் சொன்னோம், இப்போது பதவியை விடச் செய்யும் கல்வியைச் சொல்கிறோம் என்ற பொருள்பட எழுதினார்கள். அந்த அறிவு அவர்களுடைய உத்தியோகத்தை முதலில் பறித்தது. பையன் இதைக் கேட்டு முகம் சுண்டிப்போனான்.

நாற்பது கிதாபுகள் அடங்கிய இஹ்யாவில் 38-ஆவது கிதாபு, மனிதன் தன்னைத் தானே கண்காணித்துக் கணக்குப் பார்ப்பதைப் பற்றியது. நம்மைப் போன்ற கடைக்காரனுக்கு விளங்கும்படி அதை வியாபாரக் கூட்டாகவே இமாமவர்கள் விளக்குகிறார்கள். கூட்டாளியிடம் காலையில் நிபந்தனை பேசுகிறோம், பகலெல்லாம் ஒரு கண் வைத்திருக்கிறோம், இரவில் கணக்குக் கேட்கிறோம், குறைந்திருந்தால் விடமாட்டோம். நஃப்ஸ் என்ற கூட்டாளியிடமும் அப்படியே நடக்க வேண்டுமாம். நாமோ மச்சானிடம் ஐந்து காசு குறைந்தாலும் கேட்கிறோம். நமது நஃப்ஸிடம் இருபத்தைந்து வருஷமாகப் பேரேட்டைத் திறக்கவே இல்லை.

சரி, தெரிந்துவிட்டது. இனி என்ன செய்வது? அன்று முதல் பொத்தானை அமுக்குகிறோம், அது எளிது. முன்பு போனதற்கு? உரியவர் இன்னாரென்று தெரிந்தால் அவரிடமே கொடுக்க வேண்டும், அல்லது அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். தெரியாதவர்களுக்காக ஒரு தொகையை மதிப்பிட்டு, அவர்கள் பேரில் சதகா செய்துவிட வேண்டும், அதில் நமக்கு நன்மை எழுதப்படும் என்று எண்ணக் கூடாது என்று ஹஜ்ரத் சொன்னார். வழிப்போக்கராக வந்து வாங்கியவர்களை எங்கே தேடுவது? அவர்களுக்காகத் தனியே ஒரு தகரப்பெட்டி வைத்து, மாதா மாதம் போட்டு வருகிறோம். அது நமது தர்மம் அல்ல, கடன்; ஆகையால் ஜகாத் கணக்கில் அதைச் சேர்ப்பதில்லை. மச்சான் முதல் இரண்டு மாதம் அந்தப் பெட்டியைப் பார்க்காமலே நடந்தார். மூன்றாம் மாதம் தம் பங்கையும் போட்டார். ஏன் என்று நாம் கேட்கவில்லை.

தெரிந்த வாடிக்கையாளர்களிடம் போய்ச் சொல்வதுதான் கஷ்டம். வெட்கம் பிடுங்கித் தின்றது. மலாய்க்கார அம்மா ஒருவர், வாரந்தோறும் மசாலா வாங்குகிறவர், முழுவதும் கேட்டுவிட்டு, "ஹலால்கான்" என்று கையை ஆட்டிச் சிரித்துவிட்டுப் போனார். நம்மவர் ஒருவர், பெயர் வேண்டாம், கோபித்துக்கொண்டார். "இத்தனை நாளாய் ஏமாற்றினீரா?" என்று பலர் முன்னிலையில் கேட்டார். அதன் பிறகு அவர் வரவில்லை. அவரால் மாதத்துக்கு 400 வெள்ளி வியாபாரம் நடந்தது. அவர் மேல் நமக்கு வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை.

தங்கை மகன் ஒரு நாள் இரவு போன் செய்தான். ஒரு வேலை அறிக்கையில் தனக்குக் கீழுள்ள பெண் செய்ததைத் தன் பெயரில் போட்டிருந்தானாம். மேலதிகாரியிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன், மாமு என்றான். இந்த வருஷம் அவனுக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. அந்தக் காரணத்தால்தானா என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

கறி மீ கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கே ஒருவரிடம் கடைசியாகப் போனோம். வாரம் 2 கிலோ கறித்தூள், அரைக்கிலோப் பைகள் நான்கு, மூன்று வருஷமாக. அவர் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. கணக்குப் பெட்டியை எடுத்துத் தட்டினார். வாரத்துக்கு 40 கிராம், வருஷத்துக்கு 2 கிலோ 80 கிராம், மூன்று வருஷத்துக்கு 6 கிலோ 240 கிராம். நாம் வீட்டில் போட்டு வைத்திருந்த கணக்கும் அதுதான். காசாகத் தருகிறோம் என்றோம். காசு வேண்டாம், கறித்தூளாகவே கொடு என்றார். மறுநாள் காலையில் கடைக்கு வந்தார். பையை வைத்துப் பொத்தானை அமுக்கினோம். தவுக்கே சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, குனிந்து, பூஜ்யம் வந்துவிட்டதா என்று பார்த்தார். வந்த பிறகுதான் தூளைப் போடச் சொன்னார்.